சனிக்கிழமை இன்ஜினியரிங் கிளப்: 15,000 ரூபாய், 24 பிள்ளைகள், எங்கே தொடங்கலாம்?

இயற்பியல் வாத்தியார் | ஜூன் 14, இரவு 9.10

வணக்கம். ஈரோடு பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். இந்த வருடம் சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், 9ஆம் வகுப்பும் 11ஆம் வகுப்புமாக 24 பேரை வைத்து ஓர் இன்ஜினியரிங் கிளப் தொடங்கத் தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். முன்னாள் மாணவர்கள் 15,000 ரூபாய் தந்திருக்கிறார்கள். இடம், பழைய உயிரியல் ஆய்வகம். ஃபார்மலின் வாசனை இன்னும் போகவில்லை.

6 முதல் 8 வரை வானவில் மன்றம் என்ற அரசின் செய்முறை அறிவியல் திட்டம் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் கையால் செய்து பார்த்துப் பழகுகிறார்கள். 9க்கு வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மத்திய அரசு பள்ளிகளுக்குத் தரும் பட்டறைக்கூடமான அடல் டிங்கரிங் லேப் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரு பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன், பெயர் வேண்டாம். அது 20 லட்சம் ரூபாய்த் திட்டம். த்ரீடி பிரிண்டரின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. "பிள்ளைங்க கைய வச்சா ரிப்பேர் ஆயிடும் சார்" என்றார் பொறுப்பாளர். ஸ்டாக் ரெஜிஸ்டர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

நம் கிளப்பும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு விற்பனைக்காரர் 7,000 ரூபாய் ரோபோ கிட் காட்டினார், இரண்டு வாங்கிவிடுங்கள் என்கிறார். வாங்கலாமா?

பட்டறைக்காரன் | ஜூன் 14, இரவு 10.02

வாங்காதீர்கள் சார். இரண்டு கிட் வாங்கினால் இரண்டு பேர் செய்வார்கள், 22 பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

கோவையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். டிப்ளமோ, பி.இ. முடித்த பையன்கள் வேலைக்கு வருகிறார்கள். நட்டை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறார்கள். மூளை இல்லாமல் இல்லை. அந்த வயது வரை யாரும் ஸ்பேனரைக் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

என் கணக்கு இது. ஸ்க்ரூ டிரைவர் செட் ஆறு, கட்டிங் பிளேயர் நான்கு, ஹேக்ஸா இரண்டு, தட்டை அரம் நான்கு, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் நல்ல பெஞ்ச் வைஸ் ஒன்று, ஸ்பேனர் செட் ஒன்று, சாதா மல்டிமீட்டர் நான்கு, 25 வாட் சால்டரிங் அயன் நான்கு. பேரம் பேசினால் எட்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். மலிவு ஸ்க்ரூ டிரைவர் மட்டும் வேண்டாம். நுனி மழுங்கி ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும், பிள்ளைகள் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

மீதிக்குக் காயலான் கடை. அங்கேகூடப் போக வேண்டாம். 2011இல் தொடங்கி வீடு வீடாகக் கொடுத்த விலையில்லா மிக்சியும் ஃபேனும் எத்தனை பரணில் கிடக்கின்றன! ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் நாள் பிரிக்கட்டும், அதே நாள் திரும்பப் பூட்டட்டும். கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். அதற்கு வீடு தேடுவதில் அரை மணி நேரம் போகும், போகட்டும்.

எங்கள் ஊர் ஜி.டி. நாயுடு ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டியவர். பிறகுதான் மோட்டார், பஸ் எல்லாம்.

ரிச்சி தெரு ரசிகன் | ஜூன் 15, காலை 7.40

பட்டறை அண்ணன் சொல்வது முக்கால்வாசி சரி. ஆனால் எலக்ட்ரானிக்ஸைத் தள்ளிப் போடாதீர்கள் சார். 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதில்தான் கண் இருக்கும்.

அந்த 7,000 ரூபாய்ப் பெட்டிக்குள் இருப்பது புரோகிராம் எழுதி இயக்கும் ஓர் ஆர்டுயினோ ஊனோ போர்டு, பேட்டரியில் ஓடும் மஞ்சள் நிற பிஓ மோட்டார் இரண்டு, போர்டு சொன்னபடி மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் ஒரு எல்298என் மோட்டார் டிரைவர், ஓர் அல்ட்ராசோனிக் சென்சார், கொஞ்சம் ஜம்பர் ஒயர். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் தனித்தனியாக வாங்கினால் இதே காசில் நான்கு செட் தேறும். பெட்டிமேல் இருக்கும் படத்துக்குத்தான் மீதிக் காசு. ஆர்டுயினோவே 2005இல் இத்தாலியின் இவ்ரியா ஊரில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத டிசைன் மாணவர்களுக்காகச் செய்ததுதான். 9ஆம் வகுப்புக்குக் கஷ்டமாக இருக்காது.

பத்தாம் வகுப்பு அப்பா | ஜூன் 15, காலை 9.15

யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். 9 படிக்கிற பிள்ளைக்கு அடுத்த வருடம் பப்ளிக். 11க்கு அடுத்த வருடம் ப்ளஸ் டூ. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்கு கட் ஆஃப் போடுகிறார்கள். அதில் ஸ்பேனருக்கு எத்தனை மார்க்? என் பையன் பள்ளியில் இப்படி ஒன்று ஆரம்பித்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

இயற்பியல் வாத்தியார் | ஜூன் 15, இரவு 8.30

மார்க் இல்லைதான் சார். உங்கள் பயம் எங்கள் ஊர்ப் பெற்றோருக்கும் இருக்கிறது. 24 கையெழுத்தில் இதுவரை வந்தது 17.

பழைய மாணவி | ஜூன் 15, இரவு 11.48

நான் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மெக்கானிக்கல் சேர்ந்தவள், இப்போது இரண்டாம் வருடம். அப்பா சாருக்கு உண்மையைச் சொல்கிறேன், கிளப்பால் என் கட் ஆஃப் அரை மார்க்கூட ஏறியிருக்காது.

எங்கள் பள்ளியிலும் அறிவியல் மன்றம் இருந்தது. எனக்குக் கொடுத்த வேலை சார்ட் எழுதுவது, ஏனென்றால் கையெழுத்து அழகாக இருக்கும். கண்காட்சிக்கு மழை வந்தால் கத்தும் அலாரம் ஒன்றை ஒரு கடையில் 600 ரூபாய்க்கு ரெடிமேடாக வாங்கி வந்தார்கள். விளக்கம் சொல்லும் பொறுப்பு எனக்கு. டிரான்சிஸ்டர் ஏன் வேண்டும் என்று நடுவர் கேட்டார். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். இரண்டாம் பரிசு. அந்தச் சான்றிதழை இன்று வரை யாரிடமும் காட்டியதில்லை.

முதல் வருடம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங். ஓர் இரும்புத் தகட்டை அரத்தால் ராவி, வி வடிவத்தில் வெட்டி, இரண்டு துண்டும் இடைவெளி தெரியாமல் பொருந்த வேண்டும். எனக்கு அரத்தை எந்தக் கையால் அழுத்துவது என்றே தெரியாது. அது முன்னால் தள்ளும்போதுதான் வெட்டும், இழுக்கும்போது அழுத்தினால் பல் போய்விடும் என்று மூன்றாம் நாள்தான் ஒருவர் சொன்னார். அதற்குள் கொப்புளம்.

ஒரே ஒரு வேண்டுகோள் சார். பையன்கள் கருவி பிடிப்பார்கள், பெண் பிள்ளைகள் நோட்டு எழுதுவார்கள் என்று தானாகவே ஆகிவிடும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஆளை மாற்றி மாற்றி உட்காரவையுங்கள்.

மிச்சிகன் அம்மா | ஜூன் 16, காலை 6.05

மாணவி எழுதியது இங்கேயும் அப்படியே நடக்கும் கண்ணு. நான் மிச்சிகனில் என் மகள் படித்த உயர்நிலைப் பள்ளியின் ரோபாட்டிக்ஸ் அணியில் ஏழு வருடமாக வழிகாட்டி. மகள் பள்ளி முடித்துப் போய்விட்டாள், நான் போகவில்லை.

இது ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டி. கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் தொடங்கிய அமைப்பு, முதல் போட்டி 1992இல் 28 அணிகளோடு நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி ஜிம்மில் நடந்தது. இன்று அமெரிக்காவில் மிக அதிக அணிகள் எங்கள் மாநிலத்தில்தான். ஜனவரியில் விளையாட்டு விதியை அறிவிப்பார்கள். அப்புறம் சில வாரங்களில் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரத்தைச் செய்து முடிக்க வேண்டும். ஒரு ஆட்டம் சுமார் இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்தில் கழன்று விழாத ரோபோவே பாதிப் போட்டியை ஜெயித்த மாதிரி.

பதிவுக் கட்டணம் மட்டும் ஆயிரக்கணக்கான டாலர். அதைப் பார்த்து ஏங்க வேண்டாம். அந்தப் போட்டியை டீன் கேமனோடு சேர்ந்து வடிவமைத்த உட்டி ஃபிளவர்ஸ் எம்.ஐ.டி. பேராசிரியராக இருந்தவர். 1970களிலேயே அவர் வகுப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே மாதிரியான உதிரிச் சாமான்கள் கொண்ட பை கொடுப்பார்கள். எல்லோருக்கும் அதே சாமான், அதே வேலை, செய்கிற இயந்திரம் மட்டும் ஆளுக்கொன்று. கடைசியில் மோதவிடுவார்கள். வாத்தியார் சார், இதை நீங்கள் காயலான் கடைச் சாமானிலேயே செய்யலாம்.

எங்கள் பட்டறையில் யாருக்காகவும் தளர்த்தாத விதி, பாதுகாப்புக் கண்ணாடி. எட்டிப் பார்க்க வரும் பிரின்சிபாலுக்கும் உண்டு. முடியைக் கட்ட வேண்டும், துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ள வேண்டும். துளை போடும் இயந்திரத்தில் கையுறை கூடாது. சுழலும் டிரில் கையுறையைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

பட்டறைக்காரன் | ஜூன் 16, காலை 8.20

கையுறை விஷயம் நூற்றுக்கு நூறு. அம்மா பட்டறை தெரிந்தவர்.

இயற்பியல் வாத்தியார் | ஜூலை 12, இரவு 9.00

நான்கு சனிக்கிழமை முடிந்துவிட்டது. கிட் வாங்கவில்லை. பட்டறை அண்ணன் பட்டியல்படி 7,850 ஆனது. வைஸை மேசையில் பொருத்தும் வேலையையே முதல் வகுப்பாக்கினேன். நான்கு போல்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம்.

இரண்டாம் வாரத்துக்குச் செலவே இல்லை. 11ஆம் வகுப்பில் எல்லோரிடமும் அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது. செயின் ஓடும் முன் பல்சக்கரத்திலும் பின் பல்சக்கரத்திலும் பல்லை எண்ணச் சொன்னேன். முன்னால் 44, பின்னால் 18. ஒரு மிதிச் சுற்றுக்குப் பின்சக்கரம் கிட்டத்தட்ட 2.44 சுற்று, 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர், ஆகவே ஒரு மிதிக்கு 5 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு உருட்டினால் 4.9 வந்தது. எங்கே போனது அந்த 17 சென்டிமீட்டர் என்று சண்டை. ஒருத்தி டயரை அமுக்கிப் பார்த்து, "காத்து இல்ல சார், ஆள் உக்காந்தா சக்கரம் சின்னதாயிடும்" என்றாள். நான் அதை யோசித்திருக்கவில்லை.

மூன்றாம் வாரம், பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா பிரபலமாக்கிய தீக்குச்சி வேலை. சைக்கிள் கடையில் வால்வ் டியூப் வாங்கித் துண்டு போட்டு, அதில் தீக்குச்சி செருகி மூட்டு செய்வது. சதுரம் செய்தால் சரிந்து படுக்கும், முக்கோணம் அசையாது. அதை வைத்துக்கொண்டு நேராக மிச்சிகன் அம்மாவின் பைக்குப் போனோம். ஒவ்வொரு குழுவுக்கும் 60 ஐஸ் குச்சி, ஒரு ஃபெவிகால், ஒரு பந்து நூல். 40 சென்டிமீட்டர் இடைவெளிக்குப் பாலம். நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, முறியும் வரை மணல். ஜெயித்த பாலம் 11 கிலோ தாங்கியது. தோற்றது 2 கிலோ, ஆனால் பார்க்க அதுதான் அழகு, பெயின்ட் எல்லாம் அடித்திருந்தார்கள்.

ராமேஸ்வரத்துக்குச் சுற்றுலா போய்வந்த ஒருவன் பாம்பன் மாதிரி தூக்குப் பாலம் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். பழைய பாலம் 1914இல் திறந்தது, நடுவில் இரண்டு இறக்கையும் மேல்நோக்கி விரியும்படி கட்டியது. 2025இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர்ப் பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும். எதைச் செய்வது என்று அவன் குழுவில் முடிவாகாமல் நேரம் போய்விட்டது. பாலம் இல்லை, படம் மட்டும் பிரமாதம்.

மாணவி சொன்ன சுழற்சியைக் கடைப்பிடிக்கிறேன். நான்கு பேர் குழுவில் கருவி, அளவு, நோட்டு, பொருள்காப்பு என்று வாரம் ஒருமுறை மாறும். முதல் வாரம் பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நோட்டு எழுதுவது கேவலம் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

இயற்பியல் வாத்தியார் | ஆகஸ்ட் 9, மாலை 5.45

ரசிகன் சார், அவசர உதவி. நீங்கள் சொன்னபடி நான்கு செட் வாங்கிக் கார் செய்தோம். யுஎஸ்பி ஒயரில் போர்டு நன்றாக ஓடுகிறது. 9 வோல்ட் பேட்டரி மாட்டினால் மோட்டார் ஒரு துடி துடிக்கிறது, போர்டு விளக்கு அணைந்து எரிகிறது, மறுபடி துடிக்கிறது. நான்கு காருக்கும் ஒரே வியாதி. புரோகிராம் தப்பா?

ரிச்சி தெரு ரசிகன் | ஆகஸ்ட் 9, மாலை 6.10

புரோகிராமைத் தொடாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் பேட்டரியின் இரு முனைக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இயற்பியல் வாத்தியார் | ஆகஸ்ட் 9, மாலை 6.32

8.9 இருந்தது 5க்குக் கீழே போய் மேலே வருகிறது!

ரிச்சி தெரு ரசிகன் | ஆகஸ்ட் 9, மாலை 6.50

அதுதான். அந்தச் சதுர பேட்டரிக்குள் ஆறு குட்டி செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஸ்மோக் அலாரம் மாதிரி சொட்டுச் சொட்டாகக் குடிக்கும் சாமானுக்குச் செய்தது. உள்மின்தடை அதிகம். மோட்டார் கிளம்பும்போது மடக் மடக்கென்று கேட்டால் வோல்ட் சரிந்து, போர்டு மயங்கி விழுந்து எழுகிறது. உங்கள் ப்ளஸ் ஒன் பாடத்தில் இல்லை, ப்ளஸ் டூவில் உள்மின்தடை வரும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

மோட்டாருக்குத் தனியாக ரீசார்ஜ் ஆகும் 1.2 வோல்ட் ஏஏ செல் ஆறு போடுங்கள். மொத்தம் 7.2. எல்298என் தன் பங்குக்கு 2 வோல்ட் விழுங்கும், மோட்டாருக்கு 5 போகும், போதும். போர்டுக்குப் பவர் பேங்க். இரண்டின் மைனஸையும் சேர்க்க மறக்காதீர்கள். எல்லோரும் மறப்பார்கள்.

இயற்பியல் வாத்தியார் | ஆகஸ்ட் 16, மதியம் 1.20

மறந்தார்கள். சேர்த்ததும் கார் ஓடியது, கரகோஷம். அரை நிமிடத்தில் நின்றது. பவர் பேங்க் தானாக அணைந்துவிடுகிறது.

ரிச்சி தெரு ரசிகன் | ஆகஸ்ட் 16, மதியம் 1.41

ஹா ஹா, மன்னிக்கவும், சொல்லியிருக்க வேண்டும். போர்டு எடுப்பது சுமார் 50 மில்லி ஆம்பியர்தான். போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. 5 வோல்ட்டுக்கும் மைனஸுக்கும் நடுவில் 47 ஓம் ரெசிஸ்டர் போட்டு வீணாக 100 மில்லி ஆம்பியர் குடிக்கவையுங்கள். அரை வாட்டுக்கு மேல் சூடாகும், ஆகவே 1 வாட் ரெசிஸ்டர். கால் வாட் போட்டால் கருகிவிடும்.

இயற்பியல் வாத்தியார் | ஆகஸ்ட் 16, மாலை 4.05

ஒரு குழு கால் வாட் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் 1 வாட்டுக்கு வந்தது. ஃபார்மலின் வாசனை போய்விட்டது, இப்போது வேறு வாசனை. கார்கள் ஓடுகின்றன.

பத்தாம் வகுப்பு அப்பா | ஆகஸ்ட் 23, இரவு 9.40

ஒரு சந்தேகம். நான் இந்தத் திரியைப் படிப்பதைப் பார்த்து என் பையனும் படித்திருக்கிறான். இன்று வீட்டு மிக்சியைப் பிரித்துவிட்டான். ஓடிக்கொண்டிருந்த மிக்சி. பூட்டியபின் உள்ளே நீலமாகப் பொறி பறக்கிறது, வேகமும் இல்லை. நாளைக் காலை இட்லிக்குச் சட்னி அரைக்க வேண்டும்.

பட்டறைக்காரன் | ஆகஸ்ட் 23, இரவு 9.52

பிளக்கைக் கழற்றிவிடுங்கள் முதலில். கார்பன் பிரஷ்ஷைத் திருப்பிப் போட்டிருப்பான். பிரஷ்ஷின் முகம் வளைவாகத் தேய்ந்திருக்கும், பழைய பக்கமே பார்த்து உட்கார வேண்டும். பின்னால் ஸ்பிரிங் சிக்காமல் இருக்கிறதா பாருங்கள். நாளைக்குப் பொடி வைத்துச் சமாளியுங்கள் சார்.

பத்தாம் வகுப்பு அப்பா | ஆகஸ்ட் 24, காலை 7.30

திருப்பித்தான் போட்டிருந்தான். சட்னி ஆயிற்று.

மின்வாரியம் ஓய்வு | ஆகஸ்ட் 24, காலை 10.15

சிரிக்கிறீர்கள், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 31 வருடம் லைனில் வேலை பார்த்தவன். வாத்தியாரே, 230 வோல்ட்டில் ஓடும் சாமானைப் பிள்ளைகள் தொடுவதானால் மூன்று விஷயம் இல்லாமல் கூடாது. அந்த அறைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் தானே துண்டிக்கும் சுவிட்ச். பிரித்திருக்கும் சாமானின் பிளக் மேசைமேல் எல்லோர் கண்ணுக்கும் தெரிய இருக்க வேண்டும். பூட்டியதை நேராகக் கரன்ட்டில் சொருகாமல் சீரிஸ் லாம்பில் சோதிக்க வேண்டும். 100 வாட் குண்டு பல்பை வரிசையில் போட்டால், உள்ளே ஷார்ட் இருந்தாலும் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான், வெடிக்காது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சர் இருக்கும் சாமானில் பிளக்கை எடுத்தபிறகும் உதை இருக்கும், மறக்க வேண்டாம்.

இயற்பியல் வாத்தியார் | ஆகஸ்ட் 24, காலை 11.00

ஐயா, சீரிஸ் லாம்ப் போர்டு வைத்திருக்கிறேன். ஆர்சிசிபி இல்லை. அது வரும்வரை 230 வோல்ட் வேலையை நிறுத்திவிடுகிறேன்.

இயற்பியல் வாத்தியார் | அக்டோபர் 18, இரவு 8.15

ஆர்சிசிபியை தலைமையாசிரியர் தன் கையிலிருந்து போட்டார். அதற்கு நன்றிக்கடனாக அவர் அறை ஃபேனிலிருந்து தொடங்கினோம், அது வருடக்கணக்காக ஊர்ந்துகொண்டிருந்தது. மெயினை அணைத்து, ஏணியில் ஏறிக் கழற்றியது நானும் எலக்ட்ரீஷியனும். மேசைமேல் வந்தபிறகு பிள்ளைகள் வேலை. கண்டென்சரில் 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கிறது, மீட்டரில் 1.3 காட்டியது. (கண்டென்சர் அளக்கும் மீட்டர் தனியாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.) புதியது மாட்டியதும் மேசையிலிருந்த காகிதம் எல்லாம் பறந்தது.

அதற்கப்புறம் வகுப்பு வகுப்பாகப் போய் எந்த ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று கணக்கெடுத்தார்கள். 41 ஃபேனில் 14 சோம்பேறி. இதுவரை 11 சரியாகிவிட்டது. கையெழுத்து இப்போது 24க்கு 24, கூடவே வெளியே ஆறு பேர் ஜன்னலில் தொங்குகிறார்கள். கையில் மீதி 640 ரூபாய்.

மூன்று ஃபேனுக்குக் கண்டென்சர் மாற்றியும் கிரீச் சத்தம் போகவில்லை. பேரிங் என்று நினைக்கிறேன். ஒன்றைச் சுத்தியால் தட்டிக் கழற்றப் பார்த்தோம், அசையவில்லை. பட்டறை அண்ணா, வேறு வழி இருக்கிறதா?

பட்டறைக்காரன் | அக்டோபர் 18, இரவு 8.40

ஐயோ, தட்டாதீர்கள். ஷாஃப்ட் வளைந்துவிடும். அதற்குப் புல்லர் வேண்டும், பேரிங்கைக் கவ்வி இழுத்துக் கழற்றும் கருவி. என்னிடம் மூன்று கால் புல்லர் இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு எடுத்து வருகிறேன். பேரிங் மேல் இருக்கும் நம்பரை யாரையாவது துடைத்துப் படிக்கச் சொல்லுங்கள், வரும்போது வாங்கி வருகிறேன். நான் கழற்றமாட்டேன், பக்கத்தில் நிற்பேன்.

இயற்பியல் வாத்தியார் | அக்டோபர் 18, இரவு 9.05

6202 என்று ஒருத்தி அப்போதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள் அண்ணா. இந்த வாரம் நோட்டு அவள் முறை, அடுத்த வாரம் கருவி. புல்லர் அவள் கையில்தான்.